தமிழெல்லாம் கேள்விக்குறியான வாரம்

காந்திபுரத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில் இருந்த சின்ன கம்பெனியில் சில வருடங்கள் வேலை பார்த்தேன். இணையதளம் செய்துகொடுப்பதும், கொடுத்ததைப் பராமரிப்பதும் எங்கள் தொழில். பம்புசெட் கம்பெனி, கல்யாண மண்டபம், பல் ஆஸ்பத்திரி என்று எல்லாம் ஒரே அச்சு. படத்தையும் போன் நம்பரையும் மாற்றினால் ஒன்றை எடுத்து இன்னொன்றுக்குப் பொருத்திவிடலாம். ஒரே ஒரு தளம் மட்டும் அப்படி இல்லை.

உக்கடம் பக்கம் குடியிருந்த ஓர் அக்காவின் தளம் அது. அவருடைய வீட்டுக்காரருக்கு மெத்தைக் கடை. கடைக்கென்றுதான் தளம் செய்தார்கள். கொஞ்ச நாளில் அக்கா அதைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். அவருடைய மகனுக்குப் பள்ளிக்கூடம் போகிற வயது வந்தும் பேச்சு வரவில்லை. பஸ்ஸில் அவன் கத்தினால் சுற்றியிருப்பவர்களிடம் என்ன சொல்வது, முடிவெட்டக் கூட்டிப்போவது எப்படி, எந்த டாக்டரிடம் போய் நேரம் வீணானது என்று போனிலேயே தமிழில் தட்டித் தட்டி எழுதினார். மெத்தைகள் மெல்ல மெல்ல அடிப்பக்கத்துக்குப் போய்விட்டன.

அவர் எழுதியதைவிட அதற்குக் கீழே வந்த கருத்துகள்தான் பெரிது. பொள்ளாச்சி, தாராபுரம், கோபி என்று எங்கெங்கோ இருந்து தாய்மார்கள் எழுதினார்கள். ‘மாமியார் என்னையத்தான் குத்தம் சொல்றாங்க’ என்று ஒருவர். ‘இன்னைக்கு எம்பையன் சொம்பைக் கையில எடுத்துக் காட்டித் தண்ணி கேட்டானுங்க’ என்று ஒருவர். ஒருவரையும் விடாமல் அக்கா பதில் எழுதுவார். கருத்து எழுத மின்னஞ்சல் முகவரி கேட்கும் பெட்டி இருந்தது. அதை எடுத்துவிடச் சொன்னவரும் அவர்தான்.

“மெயிலு கேட்டா பயந்துக்குவாங்க கண்ணு. ஊட்டுக்குத் தெரியாம எழுதறவங்கதான் இதுல பாதிப் பேரு” என்றார். எடுத்துவிட்டேன்.

எங்கள் தளங்களெல்லாம் ஒரு மென்பொருளின் மேல்தான் நிற்கும். நீங்கள் எழுதுவதையும் ஏற்றுகிற படத்தையும் வாங்கி வைத்துக்கொண்டு, பார்ப்பவருக்குப் பக்கமாகக் காட்டுவது அதுதான். அதற்கு அவ்வப்போது புதுப் பதிப்பு வரும். போடாமல் விட்டால் பழைய ஓட்டை வழியாக எவனாவது உள்ளே புகுந்துவிடுவான். கண்ணை மூடிக்கொண்டு போட்டால் ஓடிக்கொண்டிருப்பதும் நின்றுவிடும். அதனால் எனக்கென்று ஒரு முறை வைத்திருந்தேன். முதலில் தளம் முழுவதையும் நகல் எடுத்து, சர்வருக்கு வெளியே, என் கம்ப்யூட்டரில் பத்திரப்படுத்துவேன். அந்த நகலை வைத்து யார் கண்ணுக்கும் படாத இரட்டைத் தளம் ஒன்றை உருவாக்கி, புதுப் பதிப்பை அதில் போட்டுப் பக்கம் பக்கமாகப் பார்ப்பேன். எல்லாம் சரியாக இருந்தால்தான் உண்மைத் தளத்தைத் தொடுவேன்.

“அரை நாள் வேலைங்களா இது? ஒரு பட்டனை அமுத்தறதுக்கு?” என்பார் முதலாளி.

அக்காவின் தளத்துக்குப் புதுப் பதிப்பு வந்தபோதும் அப்படித்தான் செய்தேன். இரட்டைத் தளத்தில் கட்டுரைகளெல்லாம் ஒழுங்காக இருந்தன. கருத்துகளைத் திறந்தால் வரிவரியாகக் கேள்விக்குறி. கருத்துப் பெட்டி மட்டும் பழைய காலத்தில் பொருத்தியது. தமிழ் எழுத்துகளை அது சேமித்து வைத்திருந்த முறை புதுப் பதிப்புக்குப் புரியவில்லை. புரியாத எழுத்துக்கெல்லாம் ஒரு கேள்விக்குறியைப் போட்டுத் திருப்பி எழுதிவிட்டது. திரை போட்டு மறைத்த மாதிரி இருந்தால் விலக்கிப் பார்த்துவிடலாம். இது அப்படியல்ல. எழுத்து இருந்த இடத்தில் எழுத்தே இல்லை.

முதலாளியிடம் காட்டினேன். “இதை மட்டும் இப்பத் தொட வேண்டாங்க சார். கருத்துகளையெல்லாம் முதல்ல வேற முறைக்கு மாத்தணும். அப்புறந்தான் புதுசு போடணும். நானே செய்யறனுங்க.”

“சரி, பாத்துக்கலாம் அம்மணி” என்றார்.

அக்காவிடமும் நேரில் சொன்னேன். “நான் சொல்லாம இதுல யாரும் கை வைக்க மாட்டாங்கக்கா.” அவர் சிரித்துக்கொண்டே தலையாட்டினார். அதற்குப் பிறகு இரண்டு பம்புசெட் கம்பெனிகளின் அவசர வேலை என் தலையில் விழுந்தது. கேட்டபோதெல்லாம் முதலாளி அடுத்த வாரம் என்றார்.

அந்த நேரம் பார்த்து அப்பாவுக்குக் கண் ஆபரேஷன். லீவு போட்டு அந்தியூர் போனேன். நான் ஊரில் இருந்தபோது சர்வர்காரர்களிடமிருந்து கம்பெனிக்கு எச்சரிக்கை வந்திருக்கிறது, பழைய பதிப்பில் ஓடும் தளங்களை உடனே மாற்றுங்கள் என்று. முதலாளி எல்லாத் தளங்களையும் ஒன்றாகத் தேர்வு செய்து பட்டனை அமுக்கிவிட்டார். பம்புசெட்டுகளுக்கும் மண்டபங்களுக்கும் ஒன்றும் ஆகவில்லை. அக்காவின் தளத்தில் கருத்துகளின் தமிழெல்லாம் அழிந்தது.

மறுநாள் காலையில் அக்கா கம்பெனிக்குப் போன் செய்திருக்கிறார். “சர்வர் பிரச்சினைங்க, தானா சரியாயிரும்” என்று முதலாளி சொல்லி வைத்துவிட்டார். எனக்கு யாரும் சொல்லவில்லை. சர்வர் தினமும் தானாக நகல் எடுக்கும். ஆனால் இடம் மிச்சம் பண்ணுவதற்காகக் கடைசி இரண்டு நகல்களை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை அழிக்கும்படி அமைத்திருந்தவர் முதலாளிதான். அக்கா போன் செய்த அந்தக் காலையில் நல்ல நகல் ஒன்று அங்கே இருந்தது. எனக்கு ஒரு வார்த்தை வந்திருந்தால், அந்தியூரில் ஏதாவது பிரௌசிங் சென்டரில் உட்கார்ந்தே மீட்டிருப்பேன். வாரம் முடிந்து நான் வந்து பார்த்தபோது இரண்டு நகலிலும் கேள்விக்குறிதான் இருந்தது.

என் கம்ப்யூட்டரில் வைத்திருந்த நகலை எடுத்து உட்கார்ந்தேன். அதுவரை வந்த கருத்துகள் அத்தனையும் திரும்பின. நகல் எடுத்த நாளுக்கும் பட்டன் அமுக்கிய நாளுக்கும் நடுவில் வந்தவை மட்டும் போனது போனதுதான்.

அதைச் சொல்ல அக்காவின் வீட்டுக்குப் போனேன். வழக்கமாக வாசலிலேயே “வாங்க கண்ணு” என்பவர் அன்று கதவைத் திறந்துவிட்டு உள்ளே போய்விட்டார். மகன் தரையில் உட்கார்ந்து பாட்டில் மூடிகளை அடுக்கிக்கொண்டிருந்தான்.

“உங்க முதலாளி சொன்னாரு. புதுசாக் கத்துக்கிட்டிருக்கற பொண்ணு பாத்த வேலைங்க, கொஞ்சம் மிஸ்ஸாயிப் போச்சுன்னாரு. உங்களத்தானே சொன்னாரு?”

“நான் ஊர்லயே இல்லீங்கக்கா. நான் செய்யலீங்க.”

“சரி, உடுங்க. யாரு செஞ்சா என்ன?” என்றார். நம்பினாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. பிறகு போனை எடுத்து ஒரு கருத்தைக் காட்டினார். நீளமான கருத்து, முழுக்கக் கேள்விக்குறி. நடுவில் ஆங்கில எழுத்தில் தட்டியிருந்த இரண்டு வார்த்தைகள் மட்டும் பிழைத்திருந்தன: பவானி, ஹாஸ்பிடல்.

“பவானியில இருந்து ஒரு பொண்ணு. முதல் தடவை எழுதியிருந்துச்சு. எனக்கு யாருமில்லீங்கக்கா, புள்ளையோட எங்கயாவது போயிரலாம்னு தோணுதுன்னு எழுதியிருந்துச்சு. இவனுக்கு அன்னிக்குக் காய்ச்சல். படிச்சுப்போட்டு, இதுக்கு அவசரத்துல பதில் எழுதக் கூடாது, நிதானமா உக்காந்து எழுதணும்னு வெச்சிருந்தேன். மக்யா நாள் விடிஞ்சு பாத்தா இப்படி இருக்குது. பேரு என்னன்னு ஞாபகம் இல்ல, தேடிப் பிடிக்க மெயிலும் இல்ல. என்ன கேட்டுச்சுன்னு முழுசா ஞாபகம் இல்ல. இத எப்படியாவது படிக்க முடியுங்களா கண்ணு?”

முடியாது என்றேன். அவர் இன்னொரு தடவை கேட்டார். நான் இன்னொரு தடவை முடியாது என்றேன்.

அக்கா அன்றே தளத்தில் எழுதினார். பவானித் தங்கச்சி, உன் எழுத்து மெஷின்ல அழிஞ்சு போச்சு, நான் பதில் எழுதாம இருக்கல, மறுபடி ஒரு வரி எழுது என்று. அதை முதல் பக்கத்தின் உச்சியில் வைத்துக் கொடுத்தேன். பலர் பார்த்தார்கள். பலர் ஆறுதல் எழுதினார்கள். பவானியிலிருந்து யாரும் எழுதவில்லை. ஒருவேளை அந்தப் பெண் பதிலுக்காக வந்து, கேள்விக்குறிகளைப் பார்த்துவிட்டு, பிறகு வராமலே இருந்திருக்கலாம். வேறு ஒன்றும் நடந்திருக்கலாம். நான் அதற்கு மேல் நினைப்பதில்லை என்று சொன்னால் பொய்.

முதலாளியிடம் போய்க் கேட்டேன். “நான் பண்ணினேன்னு எதுக்குங்க சார் சொன்னீங்க?”

அவர் கோபப்படவே இல்லை. “பேரா சொன்னேன்? கம்பெனின்னா யார் மேலயாவது போட்டுத்தான் ஆகணும் அம்மணி. நான்தான் பண்ணினேன்னு சொன்னா நாளைக்கு எவன் நம்ம கிட்ட வருவான்?” என்று சொல்லிவிட்டு டீ குடிக்கிறீர்களா என்று கேட்டார். அந்த மாதக் கடைசியில் வேலையை விட்டேன். இப்போது சரவணம்பட்டியில் வேறு கம்பெனி.

அங்கே சேர்ந்த பிறகு ஒருநாள் பழைய கம்பெனியின் தளத்தைப் பார்த்தேன். ‘பாதுகாப்பான அப்டேட் சேவை’ என்று புதிதாக ஒரு பக்கம் போட்டிருந்தார்கள். முதலில் நகல், பிறகு இரட்டைத் தளம், பிறகு சோதனை, கடைசியில்தான் உண்மைத் தளம். புதிதாக வருகிறவர்களுக்காக நான் எழுதி வைத்திருந்த குறிப்பு, ஒரு வார்த்தை மாறாமல் இருந்தது. அதற்குப் பக்கத்தில் முதலாளி கை கட்டிக்கொண்டு சிரிக்கும் படம்.

அக்கா அதற்குப் பிறகு எழுதுவதைக் குறைத்து, ஒரு கட்டத்தில் நிறுத்திவிட்டார். தெரிந்த தாய்மார்கள் நாலு பேரைச் சேர்த்து வாட்ஸாப் குழு ஒன்று வைத்துக்கொண்டார். தெரியாதவர்கள் அதில் வர வழியில்லை. தளத்தின் பெயருக்குப் பணம் கட்டிப் புதுப்பிக்க வேண்டிய காலம் வந்தபோது, நானே பார்த்துக்கொள்கிறேன், அப்படியே விட்டுவைக்கலாம் என்று போனில் கெஞ்சினேன்.

“வேண்டாங்க கண்ணு. அது இருக்கற வரைக்கும் நான் தெனமும் போய்த் தொறந்து பாத்துக்கிட்டே கெடப்பேன்” என்றார். மகனுக்குச் சாப்பாடு கொடுக்க வேண்டும் என்று வைத்துவிட்டார்.

புதுப்பிக்காமல் விட்ட பெயரை யாரோ வாங்கிவிட்டார்கள். போன மாதம் திறந்து பார்த்தேன். ரம்மி விளையாடச் சொல்லி விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது, நல்ல தமிழில், ஓர் எழுத்துகூடச் சிதையாமல்.