அப்பாவுக்குப் பச்சை விழுந்த மதியம்

எங்கள் அலுவலகம் அம்பத்தூர் தொழிற்பேட்டையில், ஒரு லேத் பட்டறைக்கு மாடியில் இருக்கிறது. முன்னாள் ராணுவத்தினரின் பேச்சை வைத்து, தற்கொலை எண்ணம் இருக்கிறதா என்று கண்டுபிடிக்கும் மென்பொருள் செய்கிறோம். வாரம் ஒருமுறை அது அவர்களுக்கு போன் போட்டு, “இந்த வாரம் எப்படிப் போச்சு?” என்று கேட்கும். பதில் தட்டையாக, வெட்டி வெட்டி வந்தால் திரையில் சிவப்பு விழும். கலகலவென்று பேசினால் பச்சை. பதிவைக் கேட்டு, மெஷின் சொன்னது சரிதானா என்று குறிப்பது எங்கள் வேலை.

சோதனைக்கு ஆள் வேண்டும் என்றதும் என் அப்பாவைக் கேட்டுச் சேர்த்துவிட்டேன். ஓய்வு பெற்ற ஹவில்தார். அம்மா இறந்தபின் ஆவடி வீட்டில் தனியாக இருக்கிறார். அவர் வாயிலிருந்து நாலு வார்த்தை வாங்குவதற்குள் எனக்கு உயிர் போய்விடும். மெஷினிடமும் அதே கதைதான்: “எல்லாம் நார்மல். ஓவர்.” ஒவ்வொரு வாரமும் சிவப்பு.

“உங்க நைனா மெஷினுக்கே டென்ஷன் குட்துகினு கீறாருக்கா” என்பான் பக்கத்து சீட்டில் இருப்பவன். நானும் சிரிப்பேன். பட்டாளத்துக்காரர்கள் பேசுவதே இப்படித்தான், இதற்குப் போய்ச் சிவப்பா என்று எனக்கு மெஷின்மேல் எரிச்சல்.

போன மழைக்காலத்தில் ஒரு மதியம் அவன் கத்தினான். “அக்கா, உங்க நைனா பாஸு! பச்ச உயுந்துச்சு!”

ஹெட்போனை வாங்கிக் கேட்டேன்.

“நல்லா இருக்கேம்மா. மனசு லேசா இருக்கு. மோட்டார் சாவிய ஆணியில மாட்டிட்டேன். கேஸ் சிலிண்டருக்குச் சொல்லியாச்சு. ரோஜாத் தொட்டியெல்லாம் பக்கத்து வீட்டுக்குக் குடுத்துட்டேன். இத்தனை நாள் கேட்டதுக்கு ரொம்ப நன்றி.” நடுவில் சிரிப்பு வேறு.

இந்தக் குரல் எனக்குத் தெரியும். சின்ன வயதில், அவருக்கு மாற்றல் வரும்போதெல்லாம் கேட்டிருக்கிறேன். சாமான், சாவி எல்லாவற்றையும் அடுத்து வருபவரிடம் ஒப்படைப்பார். சார்ஜ் கொடுப்பது என்பார்கள். கொடுத்து முடித்த அன்று மட்டும் அப்பா இப்படிச் சிரித்துப் பேசுவார். இப்போது அவருக்கு எங்கே மாற்றல்?

போன் செய்தேன். எடுக்கவில்லை. பக்கத்து வீட்டு அம்மாவை அழைத்தேன்.

“உள்ளதான் கீறாரு, கதவ சாத்திகினாரு. ஊட்டு சாவியக்கூட எங்கைல குட்துட்டாரும்மா. எங்கியோ ஊருக்குப் போறாராம்.”

“உடனே தொறந்து உள்ள போங்கம்மா. நான் வர்ற வரைக்கும் அவரத் தனியா விடாதீங்க.”

மின்சார ரயில் அண்ணனூரில் சிக்னலுக்கு நின்றுவிட்டது. ரயில்வேயைத் திட்டினேன், மெஷினைத் திட்டினேன். பயம் மட்டும் அப்படியே இருந்தது.

அப்பா சவரம் செய்து, இஸ்திரி போட்ட சட்டையில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். எதிரே அந்த அம்மா, சாவியை இறுக்கிப் பிடித்தபடி.

“எதுக்கும்மா வேலைய விட்டுட்டு வந்த? எல்லாத்தையும் ஒழுங்கா வெச்சிட்டேன்” என்றார், அதே லேசான குரலில்.

நான் சுற்றி வளைக்கவில்லை. “சாகணும்னு நெனைக்கிறீங்களாப்பா?”

அவர் சட்டைக் காலரை இழுத்துச் சரிசெய்தார். எனக்கு அழுகைக்கு முன்னால் கோபம்தான் வந்தது. சாவியை வாங்கி அவர் உள்ளங்கையில் வைத்து அழுத்தினேன்.

“நான் சார்ஜ் எடுத்துக்க மாட்டேன். எடுத்துக்க ஆள் இல்லாம போஸ்ட்டை விட்டுப் போகக்கூடாது. நீங்க சொன்னதுதானே?”

சாவியையே பார்த்துக்கொண்டிருந்தார். மெல்லத் தோள்கள் குலுங்கின. “முடியலம்மா” என்றார். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். என் வாடகை வீட்டைக் காலி செய்து அவரோடு இருக்க வந்துவிட்டேன்.

சிகிச்சை நடந்துகொண்டிருந்தபோது மெஷின் மறுபடி அழைத்தது. என்னைப் பார்த்தபடியே நிறுத்தி நிறுத்திச் சொன்னார். “சரியில்ல. தூக்கம் வரல. மக கூட இருக்கா.”

மறுநாள் அலுவலகத்தில் திரையைப் பார்த்தேன். சிவப்பு. என் வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது.