ஆகாதுக்கும் ஆகாவுக்கும் நடுவில்

"ஏதோ ஒரு ஆஸ்பத்திரியில, நோயாளியோட கைப்பட்டையில 'பெனிசிலின் ஆகா'ன்னு அச்சாகியிருந்துச்சாம். சரி, டாக்டரே ஆகான்னு பாராட்டியிருக்காருன்னு நர்ஸு ஊசியை எடுத்துட்டாங்களாம்!"

பிழை திருத்துபவர் தேநீர்க் கோப்பையை வைத்துவிட்டுத் தானே சிரித்துக்கொண்டார். அவருக்கு மச்சான் சொன்னது. மச்சானுக்கு யார் சொன்னார்களோ. எதிர் மேசையில் இருந்தவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

"போட்டுட்டாங்களா, போடப் போனாங்களா?"

"அதை யாரு கண்டா? கேட்டதைச் சொன்னேன். என்ன அகராதி, பேயறைஞ்ச மாதிரி ஆயிட்டீங்க?"

அலுவலகத்தில் அவளுக்கு அகராதி என்றே பெயர். கணினி நிரல்மொழி ஒன்றின் கையேட்டைத் தமிழில் எழுதுகிறாள். ஒவ்வொரு சொல்லுக்கும் மல்லுக்கு நிற்பாள். கொஞ்சம் அகராதி பிடித்தவள் என்பதும் அந்தப் பெயரில் அடக்கம். எழுத்துகள் கோத்து வருவதற்குச் 'சரம்' என்று அவள் பெயர் வைத்த அன்று, "முழம் என்ன விலை?" என்று கேட்டவர் இதே மனிதர்தான்.

சரத்தின் நீளம் என்றால் 'குறிகளின் எண்ணிக்கை' என்றுதான் முதலில் எழுதியிருந்தாள். கடலுக்கு அந்தப் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில் நிரல் எழுதும் தம்பி, படித்துவிட்டுப் போனில் அலுத்துக்கொண்டான்.

"என்னக்கா இது, குறி சொல்லப் போறியா? எழுத்துன்னு போடேன், எல்லாருக்கும் புரியும்."

ஊரோடு சண்டை போடுபவள் தம்பி சொல்லைத் தட்டியதில்லை. மாற்றினாள். ஆனால் அந்த நிரல்மொழிக்கு 'கா' ஓர் எழுத்தல்ல. 'க' ஒன்று, துணைக்கால் ஒன்று. கொம்பும் புள்ளியும்கூடத் தனித்தனித் தலைக்கட்டு.

போன மாதம் அவன் துள்ளிக் குதித்துப் பேசினான். "கைப்பட்டையில பதினாலு எழுத்துக்கு இடம் இருக்குக்கா. உன் கையேட்டுப் பக்கத்தைப் பாத்து, அதுக்கு மேல போனா வெட்டிடச் சொல்லி நிரல்ல எழுதிட்டேன்."

மேசைக்கடியில் விரல் மடக்கினாள். பெ, னி, சி, லி, ன், ஓர் இடைவெளி, ஆ, கா, து. ஒன்பதுதான். மூச்சு வந்தது. பிறகு மொழி எண்ணுகிறபடி எண்ணினாள். பதினான்காவதாகத் துணைக்கால் வந்து உட்கார்ந்தது. 'து' வாசலுக்கு வெளியே நின்றது.

உடனே பக்கத்தைத் திறந்து 'எழுத்து' என்பதை அழித்தாள். 'குறி' என்று அடித்தாள். கீழே ஒரு வரி சேர்த்தாள்: நாம் ஓர் எழுத்தாகப் படிப்பதை மொழி பல குறிகளாக எண்ணலாம்.

பிழை திருத்துபவர் எட்டிப் பார்த்தார். "இது எப்பவோ வெளியான பக்கமாச்சே?"

"ஆமா சார். அதான்."

அவர் சிரிப்பு அடங்கியது. சேர்த்த வரியை மறுபடி படித்தார். அவள் தம்பி ஆஸ்பத்திரிக்கு நிரல் எழுதுவது அவருக்கும் தெரியும். "தம்பிக்குப் போன் போடுங்கம்மா, முதல்ல."

காலையிலிருந்து தம்பியிடமிருந்து வழக்கமான கிண்டல் செய்தி ஒன்றுகூட வரவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. அக்கா என்றால் முதல் மணியிலேயே எடுப்பவன். படிக்கட்டுப் பக்கம் போய், சுவரோடு சாய்ந்து நின்று அழைத்தாள். 'போட்டுட்டாங்களாடா?' கேட்கவேண்டியது அவ்வளவுதான். அதை நாக்கு நுனியில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

மணி அடித்துக்கொண்டே இருந்தது.