உப்பு குறைந்த நுரை

சினே ஊரில், பீங்கானுக்குக் கல் பொடிக்கும் ஃபெல்ட்ஸ்பார் ஆலையில் இருபத்துமூன்று வருஷமாக நுரைத் தொட்டிகளைப் பார்த்துவந்தவர் ரிஃப்கி. அங்கே வரும் பொட்டாஷ் கல்லும் சோடா கல்லும் கூடப்பிறந்தவை மாதிரி. பொடித்துவிட்டால் பெற்றவளுக்கே அடையாளம் தெரியாது. அமிலமும் மருந்தும் விட்ட தண்ணீரில் உப்பைக் கரைத்து, அடியிலிருந்து காற்றை ஊதினால் பொட்டாஷ் நுரையோடு மேலே வரும், சோடா அடியில் தங்கும். உப்பு குறைந்தால் இரண்டும் சேர்ந்து கிளம்பிவிடும். நுரையை இரண்டு விரலால் தேய்த்தே ரிஃப்கி சொல்லிவிடுவார். அந்த வித்தைக்குக் கூலியாக அமிலம் அவரது வலது கை நகங்கள் மூன்றைத் தின்றிருந்தது.

நவம்பர், ஆலிவ் காயை உப்புத் தண்ணீரில் ஊறப்போடும் காலம். ஆலை உப்பில் ஆளுக்கொரு வாளி வீட்டுக்குப் போவது அங்கே திருட்டில் சேராது. அந்த வருஷம் ஃபோர்மன் ஜெவ்தெத், இருந்த நான்கு மூட்டையையும் தன் வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். ஜெவ்தெத் வேறு யாருமில்லை, சம்பந்திதான். ரிஃப்கியின் மகள் ஹசிபே அவர் வீட்டு மருமகள்.

மறுநாள் காலை நுரை தயிராடை மாதிரி தடித்துப் பொங்கியது.

"சம்பந்தி, லைனை நிறுத்துங்க. சோடாவும் சேந்து ஏறுது."

"ரெண்டும் வெள்ளைதானேய்யா. வாங்கறவன் நக்கியா பாக்கப் போறான்?"

"உப்பு வர்ற வரைக்குமாச்சும்..."

"நிறுத்தினா உப்பு எங்கன்னு எஞ்சினியரம்மா கேக்கும். உம்ம பொண்ணு வாழற வீட்டுக்கே போலீசைக் கூட்டியாறப் போறீரா?"

ரிஃப்கி தொட்டிக்குத் திரும்பினார். லைன் ஓடியது. சாயங்காலத்துக்குள் ஜெவ்தெத் புது மூட்டைகள் வாங்கி அடுக்கிவிட்டார்.

பத்தே நாளில் பீங்கான் கம்பெனி, சோடா கலந்திருக்கிறதென்று அன்றைய ஆறு லாரிச் சரக்கையும் திருப்பி அனுப்பியது. எஞ்சினியரம்மா இருவரையும் அறைக்குக் கூப்பிட்டாள்.

"உங்க ஷிஃப்ட்டு, ரிஃப்கி அண்ணே. என்ன நடந்துச்சு? சொன்னாத்தான் உங்களைக் காப்பாத்த முடியும்."

ஜெவ்தெத் கைகட்டித் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"கண்ணசந்துட்டேம்மா. உப்பு போட மறந்துட்டேன்," என்றார் ரிஃப்கி.

ஓய்வுக்கு இரண்டு வருஷம் பாக்கி. அன்றே சீட்டு கிழிந்தது.

வீட்டுக்குள் நுழையும்போதே ஹசிபேயின் ஃபோன்.

"அப்பா, உங்களுக்காக மாமா எவ்வளவு கெஞ்சினாராம், தெரியுமா? வேலை நேரத்துல தூங்கி வழிஞ்சா அவருதான் என்ன பண்ணுவாரு? இந்த வீட்டுல என்னால தலை நிமிர முடியலப்பா. அவருக்கு ஒரு வார்த்தை நன்றியாவது சொல்லுங்க."



"ஃபோனை அவருகிட்டக் குடும்மா," என்றார் ரிஃப்கி.