ஐம்பத்தைந்து இன்ச்சில் நைனா

புது டிவியைச் சுவரில் மாட்டிவிட்டுப் போனார்கள். படம் பளீரென்று இருந்தது. அவ்வளவு பளீர் எனக்கு ஆகாது. செய்தி வாசிக்கிற பெண்ணின் உதட்டுச் சாயம் தனியாகக் கழன்று கூடத்துக்குள் வந்துவிடும்போல் இருந்தது. கடையில் பக்கத்து டிவியோடு போட்டி போட வேண்டும் என்பதற்காக இப்படி வைத்திருப்பார்களாம், வீட்டுக்கு வந்ததும் நாம்தான் சரிசெய்துகொள்ள வேண்டுமாம். யூடியூபில் ஒருவர் சொன்னார். ஒன்று தப்பாக இருக்கிறது என்று தெரிந்துவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. என் வீட்டுக்காரர் தென்காசிப் பக்கம். அவருக்குக் கிரிக்கெட் தெரிந்தால் போதும், புல் பச்சையாக இருந்தால் என்ன, ஊதாவாக இருந்தால் என்ன.

ஆனால் இந்த டிவி கிரிக்கெட்டுக்காக வாங்கியதில்லை. அம்மாவுக்காக வாங்கியது. போன மழைக்காலத்தில் நைனா தவறிப்போனார். அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு ஃபவுண்டரியில் ஆயுசு முழுக்க உலைக்கு முன்னால் நின்றவர். அவர் போனதிலிருந்து அம்மா எங்களோடு திருமுல்லைவாயில் ஃபிளாட்டில் இருக்கிறாள். வந்த நாள் முதல் எதையும் கேட்காதவள், ஒன்றே ஒன்று கேட்டாள். என் கல்யாண வீடியோவைப் பெரிதாகப் பார்க்க வேண்டும். நைனா நடப்பதும் சிரிப்பதும் நிறைய நேரம் இருப்பது அதில்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், மீன்குழம்பு வாசனை இன்னும் போகாத கூடத்தில் வேலையை ஆரம்பித்தேன். அறை இருட்டாக இருக்க வேண்டும் என்று யூடியூப்காரர் சொல்லியிருந்தார். திரைச்சீலையை இழுத்து, அது போதாமல் அதன்மேல் ஒரு போர்வையையும் க்ளிப் போட்டு மாட்டினேன். வீட்டுக்காரர் உள்ளே தூங்கப் போய்விட்டார். அம்மா சோபாவில் கால்களை மடக்கி உட்கார்ந்துகொண்டாள், சினிமா ஆரம்பிக்கக் காத்திருப்பவளைப்போல.

முதலில் படமே கிடையாது. கறுப்பிலிருந்து வெள்ளைவரை பட்டைபட்டையாகச் சாம்பல் நிறங்கள். கறுப்புக்கு அடுத்த கறுப்பு கொஞ்சம் வேறாகத் தெரிகிறவரை பிரைட்னஸை ஏற்ற வேண்டும். ஏற்றினேன், இறக்கினேன். அறை மெல்ல மெல்ல மூச்சு விடுவதுபோல் வெளுத்து, இருண்டு, மறுபடி வெளுத்தது. பிறகு வெள்ளையில் நீலம் அதிகமா, மஞ்சள் அதிகமா என்று பார்க்க வேண்டும். நீலத்துக்குப் போனபோது அம்மாவின் நரைமுடி, சுவர், கையிலிருந்த தண்ணீர் டம்ளர் எல்லாம் நீலமாகின. மஞ்சளுக்கு வந்தபோது எல்லோரும் சாயங்காலத்துக்குள் வந்து உட்கார்ந்துவிட்டோம். ஆவடிப் பக்கம் ஒரு ரயில் போனது. அந்தச் சத்தமும் ஏதோ ஒரு நிறம்போல அறைக்குள் வந்து கரைந்தது. எவ்வளவு நேரம் அப்படி இருந்தோம் என்று எனக்குத் தெரியாது. சந்தோஷமாக இருந்தது. 

கடைசிப் பாடம் முகங்கள். உங்களுக்கு நன்றாகத் தெரிந்த மனிதர்களின் படத்தைப் போட்டு, தோலின் நிறம் சரியாக வருகிறதா பாருங்கள் என்றார் யூடியூப்காரர். அதைக் கேட்டதும் என் கல்யாண வீடியோ இருக்கும் பென் டிரைவைச் செருகினேன். அதைவிடத் தெரிந்த முகங்கள் எனக்கு எங்கே இருக்கின்றன?

நசரத்பேட்டை மண்டபத்து வாசல் வந்தது. பட்டு வேட்டியில் நைனா, பன்னீர்ச் செம்போடு நின்று வருகிறவர்களைக் கும்பிட்டுக்கொண்டிருந்தார். மாப்பிள்ளை வந்து அவர் பக்கத்தில் நின்ற இடத்தில் நான் படத்தை நிறுத்தினேன்.  அம்மா முன்னால் குனிந்து கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"உங்க நைனா இல்ல இது. மாவு மில்லுல இருந்து எழுந்து வந்தா மாதிரி கீறாரு."

இவ்வளவு நேரம் பாடுபட்டவள் நான், எனக்குக் கோபம் வந்துவிட்டது. சுள்ளென்று ஏதோ சொன்னேன். பிறகு கலரை ஏற்றினேன், நைனா செங்கல் ஆனார். இன்னொன்றை மாற்றினேன், காமாலை வந்தவர்போல் ஆனார். என்ன செய்தும் அந்த வெளுப்பு அடியில் இருந்துகொண்டே இருந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. டிவியில் கோளாறில்லை. ஆல்பத்தைக் கொண்டுவந்து கொடுத்த அன்று ஸ்டூடியோக்காரர் எங்களிடம் பெருமையாகச் சொன்னாரே, எல்லாரையும் நல்லா ஏத்திக் குடுத்திருக்கேன் என்று. எங்கள் பக்கம் அது கல்யாண வீட்டுக்குச் செய்கிற மரியாதை. யாரும் கேட்பதில்லை, கேட்காமலே வெளுத்துக் கொடுப்பார்கள், யாரும் குறை சொல்வதுமில்லை. நானோ அந்த வெளுப்பை வைத்துக்கொண்டு டிவிக்குப் பாடம் நடத்தியிருக்கிறேன்.

செல்போனில் நைனாவின் வேறு படம் இருக்குமா என்று தேடினேன். அது தானாகவே முகத்தை வழித்து வெளுக்கிற செல்போன். மாலை போட்டு மாட்டியிருக்கும் ஃபிரேம் படத்தில், பிரிண்ட் போட்ட கடைக்காரர் நைனாவுக்குப் பின்னால் நீல வானத்தை வைத்து, அதற்குத் தோதாக அவர் முகத்தையும் வெளுத்திருந்தார். ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, எல்லாமே இப்படித்தான் இருக்கிறது என்று அம்மாவிடம் சொன்னேன். நிஜ நைனா ஒன்றில்கூட இல்லை.

அம்மா புடவைத் தலைப்பை மடியில் மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள்.

"கண்ண மூடினா சிரிப்பு வருது. நடை வருது. செருப்பு சத்தம்கூட வருது. கலரு மட்டும் வெளுத்துகினே போவுதுமா. இந்தப் படத்தையே பாத்துகினு இருந்தா எனக்கே மறந்துடும் போல கீது."

எனக்குப் பயமாகிவிட்டது. நைனாவின் நிறம் இந்த உலகத்தில் மிச்சமிருப்பது அம்மாவின் தலைக்குள் மட்டும்தான், அதுவும் கரைகிறது. படத்தை இருட்டாக்கிப் பார்க்கலாம், நீயே சொல் என்றேன். இறக்க இறக்க, இன்னும், இன்னும் என்றாள். பழம்புளி கலரு என்றாள். பிறகு, இல்லை, அதில் கொஞ்சம் சிவப்பு ஓடும் என்றாள். அதைச் செய்ததும் முன்னால் இருந்ததே தேவலை என்றாள். கொஞ்ச நேரத்தில் எது சரி என்று அவளுக்கே பிடிபடவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, விட்டுடுமா என்றாள்.

இதற்குள் வீட்டுக்காரர் எழுந்து வந்துவிட்டார். திரையில் நைனாவுக்குப் பக்கத்தில் மாப்பிள்ளைக் கோலத்தில் நின்ற தன்னைப் பார்த்துவிட்டு, என்ன அத்தை, என்னைக் கரிக்கட்டையாக்கிவிட்டீர்களே என்று கேட்டார். அம்மா அழுகைக்கு நடுவில் சிரித்துவிட்டாள். அவர் அதற்குமேல் கேலி செய்யவில்லை. ரிமோட்டை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார்.

சிரித்தபடி என் பக்கம் திரும்பிய அம்மாவின் பார்வை என் முழங்கையில் நின்றுவிட்டது. எழுந்து போய் நான் பாடுபட்டு மாட்டிய போர்வையை உருவினாள், திரைச்சீலையைத் தள்ளினாள். மூன்றாவது மாடி வெயில் மொத்தமும் உள்ளே வந்தது. என் மணிக்கட்டைப் பிடித்து டிவிக்கு அருகே இழுத்துப்போய், நைனாவின் கன்னத்துக்குப் பக்கத்தில் என் கையை வைத்தாள்.

"இப்ப இறக்குங்க மாப்ள. இதுக்கு வர்ற வரைக்கும் இறக்குங்க."

இந்தக் கலருக்காக நான் கேட்ட பேச்சு கொஞ்சமா? அப்பன் கலர் அப்படியே ஒட்டிக்கிச்சு என்று சொந்தக்காரர்கள் உச்சுக்கொட்டியது, பெண் பார்க்க வந்தவர்கள் ஜன்னல் பக்கம் உட்காரச் சொன்னது, கல்யாணத்தன்று மேக்கப் பெண் கழுத்துவரை பூசியது. அந்தக் கை இப்போது வெயிலில் நீட்டிக்கொண்டிருந்தது. அவர் ரிமோட்டை அழுத்த அழுத்த மண்டபம் இருண்டது. தங்கமெல்லாம் பித்தளையானது, சொந்தக்காரர்கள் நிழலுக்குள் போனார்கள், வாழைமரம் கறுத்தது. நைனா மட்டும் ஒவ்வொரு அழுத்தலுக்கும் கொஞ்சம் கொஞ்சமாக வந்துகொண்டிருந்தார். என் கை எங்கே முடிகிறது, அவர் கன்னம் எங்கே ஆரம்பிக்கிறது என்று எனக்கே சொல்ல முடியாத ஓர் இடத்தில் அம்மா, "போதும்" என்றாள்.

 படத்தை ஓட விடட்டுமா அத்தை என்று அவர் மெதுவாகக் கேட்டார்.

 அம்மா டிவியையே பார்க்கவில்லை. என் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு, முழங்கையிலிருந்து விரல்வரை பார்த்துக்கொண்டிருந்தாள். தூக்கிப் பிடித்த தோள் வலித்தது. நான் அசையவில்லை.