ஐசில்டா தட்டச்சு செய்யாத வரி

ஜமைக்காவின் தென்கரையில் ஒரு சின்ன ஊர்க் கோர்ட்டில் முப்பத்தோரு வருஷம் சுருக்கெழுத்து எழுதியவள் ஐசில்டா பென்னிகுக். விசாரணையில் பேசுவதையெல்லாம் நோட்டில் கிறுக்கி, பிறகு தட்டச்சு செய்து பதிவாகக் கொடுக்க வேண்டும். நீதிபதி இருமினால் இருமலை விட்டுவிடுவாள். கெட்ட வார்த்தையில் திட்டினால் அதையும் விட்டுவிடுவாள். அவள் பதிவைப் படித்தால் அந்தக் கோர்ட்டில் தேவதூதர்கள்தான் வழக்கு நடத்தினார்கள் என்று தோன்றும். "என் வாயைவிட உன் காகிதம் யோக்கியம், ஐசி" என்பார் நீதிபதி ரோட்னி. அந்த ஒரு பேச்சுக்காக விடுமுறையிலும் வந்து தட்டச்சு செய்தாள். பெருமை பிடித்தவள், சும்மா சொல்லக்கூடாது.

ஓய்வு பெற்றுப் பதினான்கு வருஷம் ஆன பிறகு, ஒரு செவ்வாய்க்கிழமை காலை, மரவள்ளி ரொட்டியைத் தேங்காய்ப்பாலில் ஊறவைத்துக்கொண்டிருந்தவளைத் தேடி இரண்டு பெண்கள் வந்தார்கள். ஒருத்தி கெதூரா என்ற இளம் வக்கீல். இன்னொருத்தி சந்தையில் மீன் விற்கும் வெரோனா. அவள் தம்பி லீபர்ட் கொலைக் கேசில் ஆயுள் கைதி.

"மிஸ் ஐசி, லீபர்ட் கேஸ் ஞாபகம் இருக்கா? தொண்ணூத்து நாலு, கடைக்காரர் கொலை" என்றாள் கெதூரா.

ஞாபகம் இல்லாமல் என்ன. புனித வெள்ளிக்கு முந்தின நாள். ஜூரிகள் ஒருமித்து வர முடியவில்லை என்று சொல்லியனுப்பினார்கள். ரோட்னி அவர்களைக் கூப்பிட்டு ஏதோ சொன்னார். பத்தே நிமிஷத்தில் 'குற்றவாளி' என்று வந்து நின்றார்கள்.

"அவர் சொன்னதை வெரோனா கேட்டிருக்காங்க. ஆனா பதிவுல இல்ல. ரெண்டு அப்பீலும் அதனாலயே தள்ளுபடி. இப்ப புது மனு போட அனுமதி கிடைச்சிருக்கு. உங்க நோட்டு இருக்கா?"

"புயல்ல போச்சும்மா" என்றாள் ஐசில்டா.

பச்சைப் பொய். நோட்டுகள் அத்தனையும் கட்டிலுக்கடியில் டிரங்குப் பெட்டியில் இருந்தன.

கெதூரா எழுந்துவிட்டாள். வெரோனா அசையவில்லை.

"நீங்க எழுதினீங்க. ஜட்ஜ் மூஞ்சியைப் பார்க்கப் பயமா இருந்துச்சு, அதனால உங்க கையையே பார்த்துக்கிட்டு நின்னேன். அவர் பஸ்ஸைப் பத்திப் பேசறப்ப உங்க பேனா ஓடிச்சு."

"வா வெரோனா, போகலாம்" என்றாள் கெதூரா.

"இருபத்தாறு வருஷமா ஞாயித்துக்கிழமை தவறாம ஜெயில் வாசல்ல நிக்கிறேன். இங்க கொஞ்ச நேரம் நின்னா கால் ஒடிஞ்சா போயிடும்?"

ஐசில்டா உள்ளே போய்ப் பெட்டியை இழுத்தாள். அந்த நோட்டை எடுத்து வந்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தாள்.

"'புனித வெள்ளி லீவுக்கு உங்களுக்கெல்லாம் பஸ் பிடிக்கணும். எனக்கும் வீடு இருக்கு. ஆளைப் பார்த்தாலே தெரியலையா? போய்ச் சீக்கிரம் முடிவோட வாங்க.'"

வெரோனா முகத்தைக் கையால் மூடிக்கொண்டாள்.

தன் சொந்தக் குறிகளைக் கலந்து எழுதிய அந்தக் கிறுக்கலை ஐசில்டாவைத் தவிர யாராலும் படிக்க முடியாது. அதனால் மேல்முறையீட்டு விசாரணையில் அவளே கூண்டில் ஏற வேண்டியிருந்தது. எதிரே தலை நரைத்த லீபர்ட். உள்ளே போனபோது அவனுக்கு இருபத்தெட்டு வயது.

அரசு வக்கீல் நிதானமாக ஆரம்பித்தார். "இத்தனை வருஷம் கழிச்சு ஒரு வரி கிடைச்சிருக்கு. அதைப் படிக்கத் தெரிஞ்சவங்க உலகத்திலேயே நீங்க ஒருத்தர். அதிசயம்தான். இந்த ஒரு கேஸ்ல மட்டும் விட்டுட்டீங்க, அப்படித்தானே?"

ஆமாம் என்றால் கதை கட்டியதாகிவிடும். லீபர்ட் திரும்ப ஜெயிலுக்குப் போவான். இல்லை என்றால் அவளுடைய முப்பத்தோரு வருஷமும் பொய். வெரோனா பின்வரிசையிலிருந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எல்லாக் கேஸ்லயும் விட்டிருக்கேன்யா. ஜட்ஜுங்க பேசக்கூடாததைப் பேசினா எடுத்துடுவேன். நோட்டுல இருக்கும், பதிவுல இருக்காது. பெட்டியோட கொண்டு வந்திருக்கேன், எந்த நோட்டை வேணும்னாலும் பிரிங்க, படிச்சுக் காட்டறேன்."

பிரித்துப் பதிவோடு ஒத்துப் பார்த்தார்கள். ஏழு நோட்டு. ஏழிலும் அப்படித்தான்.

வக்கீலின் குரல் இறங்கிவிட்டது. "நீங்க எழுதின கேஸ்ல யாரையாவது தூக்குல போட்டிருக்காங்களா?"

"மூணு பேரை."

"அதுலயும் எடுத்தீங்களா?"

"படிச்சாத்தான் தெரியும்" என்றாள்.

மூன்று வாரத்தில் தண்டனை ரத்தானது. கோர்ட்டு வாசலில் லீபர்ட் அவளிடம் வந்தான். அவன் கோபப்பட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள்.

"அன்னைக்கே தட்டச்சு பண்ணியிருக்கலாமே, மிஸ் ஐசி" என்றான், அவ்வளவுதான். வெரோனா அவன் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனாள்.

வீட்டுக்கு வந்தவள் தொப்பியைக்கூடக் கழற்றாமல் அந்த மூன்று பேரின் நோட்டுகளைத் தேடி எடுத்தாள். முதலாவதில் ஒன்றுமில்லை. இரண்டாவதிலும் இல்லை, உயிர் வந்தது போலிருந்தது. மூன்றாவதை முக்கால்வாசி படித்தபோது, ஜூரி இரண்டாம் தடவை உள்ளே வந்த பக்கத்தில், ரோட்னி பேசியது நான்கு வரி இருந்தது. பதிவில் அவள் என்ன தட்டச்சு செய்திருப்பாள் என்று அவளுக்குத் தெரியும்.

கெதூராவுக்குப் போன் செய்தாள்.

"இன்னொருத்தருக்கும் மனு போடணும்மா."

"எந்த ஜெயில்ல இருக்கார், மிஸ் ஐசி?" என்று கேட்டாள் கெதூரா.