வலிக்காத கால்

வேலைக்கு வந்த ஒருவனை நான் கன்னத்தில் அறைந்திருக்கிறேன். அப்போது சிவகாசிப் பக்கம் ஒரு பட்டாசு ஆலையில் போர்மேன். மருந்து கலக்கும் ரூமுக்குள் போகிறவர் யாராக இருந்தாலும் செருப்பை வெளியே விட்டு, உடம்பில் ஏறிய மின்சாரம் இறங்க வாசலில் பதித்திருக்கும் செம்புத் தகட்டைத் தொட்டுவிட்டுத்தான் கால் வைக்க வேண்டும். செருப்படியில் ஒட்டிய மணல் கொஞ்சம் உரசினால் போதும், உள்ளே இருக்கும் நாலு பேரும் கரிக்கட்டை. அன்றைக்கு அவன் ஏதோ யோசனையில் செருப்போடு நுழைந்துவிட்டான். சட்டையைப் பிடித்து வெளியே இழுத்து, கன்னத்தில் விட்டேன் ஒன்று. உதடு கிழிந்து ரத்தம் வந்தது. "இனி மறக்க மாட்டேன் அண்ணாச்சி" என்றான். மறக்கவும் இல்லை. ஆளைத் திருத்த பயம் ஒன்று போதும் என்று நான் நம்பியது இப்படித்தான்.

எனக்கு சுகர் என்று தெரிந்தபோது டாக்டரும் அதே பயத்தைத்தான் காட்டினார். கண் போகும், கிட்னி போகும், கால் போகும் என்றார். காலையில் கிளம்பினால் சாயங்காலம் முழுசாகத் திரும்புவோமா என்று தெரியாத தொழில் எனக்கு. எப்போதோ வரப்போகிற கேட்டைச் சொன்னதும் சிரிப்புத்தான் வந்தது. டெஸ்டுக்கு மூன்று நாள் முன்னால் வாயைக் கட்டுவேன். ரத்தம் கொடுத்த கையோடு விருதுநகர் பஜாரில் எண்ணெய்ப் பரோட்டா.

"வீட்டுக்குள்ளயும் செருப்புப் போட்டுத்தான் நடக்கணும். வெறுங்கால் ஆகவே ஆகாது" என்றார் ஆஸ்பத்திரி சிஸ்டர். யாரிடம் சொல்கிறார்! வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் வெறுங்காலில் திரிகிறவன் நான். சித்திரை வெயிலில் ஷெட்டுக்கு ஷெட் மற்றவர்கள் துள்ளித் துள்ளி ஓடுவார்கள். நான் நிதானமாக நடப்பேன். "அண்ணாச்சி காலு இரும்புலே" என்று பேசிக்கொள்வார்கள். எனக்கும் அதில் பெருமை. சுகரில் உணர்ச்சி செத்துப்போன காலை உரமேறிய கால் என்று நம்பிய மடையன் நான்.

வீட்டில் என் மனைவி மாத்திரையை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு பின்னாலேயே வருவாள். கெஞ்சுவாள், அழுவாள். அவள் அழ அழ எனக்கு வெறி ஏறும். ஒருநாள் சுகர் பார்க்கிற மெஷினைச் சுவரில் அடித்து உடைத்தேன். அதோடு விட்டேனா? சாப்பாட்டுத் தட்டையும் தூக்கி வீசினேன். அதன் விளிம்பு அவள் புருவத்தைப் பிளந்தது. மூன்று தையல். அந்தத் தழும்பைப் பார்க்கும்போதெல்லாம் இன்றைக்கும் என் கை கூசுகிறது.

பிறகு அந்த தீபாவளி சீசன். காலை பத்து மணி இருக்கும், நாலாவது ஷெட் வெடித்தது. கூரை பறந்து, சுவர் பொத்தென்று உட்கார்ந்தது. உள்ளே இரண்டு பெண்கள். நான் ஓடினேன், எனக்குப் பின்னால் நான் அறைந்த அவனும் ஓடிவந்தான். புகைக்குள் கல்லைப் புரட்டிப் புரட்டி இரண்டு பேரையும் இழுத்துப் போட்டோம். ஒருத்திக்கு முதுகு முழுக்க வெந்திருந்தது. அவள் போட்ட சத்தம் இப்போதும் காதில் இருக்கிறது. இன்னொருத்தி சத்தமே போடவில்லை. ஆம்புலன்ஸில் ஏற்றிவிட்டுத் திரும்பும்போது அவன் கீழே கையைக் காட்டினான்.

"அண்ணாச்சி, ஒங்க காலப் பாருங்க."

"அது அந்தப் பொம்பளையாளுக ரத்தம்லே. போய் வேலையப் பாரு" என்று அவன் நெஞ்சில் கைவைத்துத் தள்ளினேன். மல்லாக்க விழுந்தான்.

வீட்டுக்கு வந்தேன். வாசலிலிருந்து அடுப்படி வரை சிவப்பாக ஒற்றைக் கால் தடம். என் மனைவி ஊரார் ரத்தம் என்று நினைத்துத் துடைத்தாள். துடைத்த இடத்தில் நடந்தேன், மறுபடியும் பதிந்தது. மூன்றாவது தடவை அவள் துணியைப் போட்டுவிட்டு என் காலைப் பிடித்துத் திருப்பினாள். உள்ளங்காலில் விரல் நீளத்துக்குத் தகரம் செருகி நின்றது. எனக்கு ஒரு வலியும் இல்லை.

பத்து நாளில் இரண்டு விரலை எடுத்தார்கள். அடுத்து சீழ் வைத்தால் கணுக்காலோடு போகும் என்றார் டாக்டர். அப்போதாவது புத்தி வந்ததா? இல்லை. கம்பெனியில் கேட் பக்கம் உட்காரச் சொன்னார்கள். நான் என்ன வாட்ச்மேனா? கட்டு பிரிக்காத காலோடு போன முதல் நாளே, ஆஸ்பத்திரியில் கொடுத்த செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு மருந்து ரூமுக்கு நடந்தேன்.

வாசலில் அவன் கையை அகட்டி நின்றான்.

"வழிய விடுலே."

"விடமாட்டேன். செருப்பப் போட்டுக்கிட்டு கேட்டுல போய் உக்காருங்க."

நான் கையை ஓங்கினேன். அது இறங்குவதற்குள் அவன் அடி என் கன்னத்தில் விழுந்தது. உதடு கிழிந்தது.

"அன்னைக்கு எங்க நாலு பேரு உசுருக்காக அடிச்சீக. அதுல எனக்கு இம்புட்டுக்கூட கோவம் கெடையாது. ஒங்க உசுரு மட்டும் என்ன சும்மா வந்துச்சா?" என்றான்.

பாய்ந்தேன். இரண்டு விரல் இல்லாத கால் பாய விடவில்லை. வேலையாட்கள் அத்தனை பேர் முன்னாலும் முகம் குப்புற விழுந்தேன். தூக்க வந்தவர்களை எட்டி உதைத்தேன்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன்: "அந்தப் பயல நின்னு அடிக்கணும். அதுக்கு எனக்குக் காலு வேணும். மாத்திரையக் கொண்டா." அவள் கொண்டுவந்தாள். அழுகையும் மிரட்டலும் அசைக்காத என்னைக் கடைசியில் வஞ்சம் அசைத்தது. வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் உண்மை அதுதான். சோற்றைக் குறைத்தது, விரலில் குத்திப் பார்ப்பது, ராத்திரி படுக்குமுன் கண்ணாடியைத் தரையில் வைத்து உள்ளங்காலைப் பார்ப்பது, எல்லாம் அவனை அடிப்பதற்காகத்தான் செய்தேன்.

இப்போது கேட்டில்தான் உட்கார்ந்திருக்கிறேன். தினமும் அவன் என்னைத் தாண்டித்தான் போகிறான். "சாப்பிட்டீகளா அண்ணாச்சி?" என்கிறான். "சாப்பிட்டேன்லே" என்கிறேன்.

காலையில் செருப்பை எடுத்து வைக்கும்போது என் மனைவி கேட்பாள்: "அவன எப்பத்தான் அடிக்கப் போறீக?"

"காலு ஆறட்டும்" என்பேன்.

கால் ஆறி மூன்று வருசமாகிறது. அது அவளுக்கும் தெரியும்.