ஜன்னலோரத்து எறும்புகள்

மெயின்லேண்டிலிருந்து சாமான் கொண்டுவரும் கப்பல் தாமதமான வாரத்தில்தான் ஃபிலோமினா வந்து சேர்ந்தாள். எழுபதுகளின் தொடக்கம், போர்ட் பிளேரில் ஓர் ஆஸ்பத்திரியில் நான் ஸ்டாஃப் நர்ஸ். கடும் பேதி. கண் குழிவிழுந்து, நாடியே கைக்கு அகப்படவில்லை. அக்கரையிலுள்ள பாம்பூஃப்ளாட்டிலிருந்து ஃபெர்ரியில் அவளைத் தூக்கிவந்த கணவர் அந்தோணி, தூத்துக்குடிப் பக்கத்து மீனவர். ஸ்டோரில் மிஞ்சியிருந்த சலைன் பாட்டில்கள் அவள் ஒருத்திக்கே போதாது.

எங்கள் டாக்டர் சுந்தரம், கப்பலில் வெங்காயம் வந்ததா என்று ஊரே பார்க்கும்போது தன் மருத்துவ ஜர்னல் கட்டு வந்ததா என்று பார்க்கிறவர். குளுக்கோஸ், உப்பு, சமையல் சோடா கலந்த தண்ணீரைக் குடிக்க வைத்தே பேதிக்காரர்களைப் பிழைக்க வைக்கலாம் என்று அதில் படித்துச் சொல்லியிருந்தார். அப்படியானால் பாட்டிலை மிச்சம் பிடிக்கலாமே என்றேன்.

"சிஸ்டர், அதை எழுதினவங்களும் முதல்ல சலைன் ஏத்தி நாடியைக் கொண்டுவந்துட்டுத்தான் குடிக்கக் கொடுத்திருக்காங்க. அந்த வரியை விட்டுட்டுப் படிச்சா, இவளைக் கொன்னுடுவோம்."

இருந்த பாட்டில் அத்தனையும் ஏற்றினோம். நாடி வந்தது. கரைசலை ஜக்கில் கலந்து அந்தோணியிடம் கொடுத்து, கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டச் சொல்லிவிட்டு மற்ற கட்டில்களைப் பார்க்கப் போனேன். ஜக் காலியாகக் காலியாக நிரப்பினேன். எனக்கு ஒரே சந்தோஷம்.

மத்தியானம் நாடி மறுபடி தளர்ந்தது. டாக்டர் முகம் செத்துவிட்டது. நம் ஜனங்களுக்கு இது ஒத்துவரவில்லை போல என்றார். ஏற்றுவதற்குப் பாட்டிலும் இல்லை. எனக்கு அழுகை முட்டியது. முகத்தை மறைக்க ஜன்னல் பக்கம் திரும்பினேன். கட்டிலை ஒட்டிய அந்த ஜன்னல் விளிம்பிலும் கீழே சுவரிலும் எறும்பு மொய்த்துக் கிடந்தது.

டாக்டரைக் கூப்பிட்டுக் காட்டினேன். இருவரும் அந்தோணியைப் பார்த்தோம். அவர் தலை குனிந்தார்.

"எங்கூர்ல பேதிக்குத் தண்ணி காட்டவே மாட்டாவ, சிஸ்டர். குடுத்தா இன்னும் போயிருமோன்னு பயந்து ஜன்னல் வழியா ஊத்திட்டேன்."

பக்கத்துக் கட்டில்காரர்களும் இந்தியில் அவருக்கு அதையே ஓதியிருக்கிறார்கள். டாக்டர் கத்துவார் என்று நினைத்தேன். அவர் கட்டிலில் உட்கார்ந்து, உள்ளே போகும் தண்ணீர் வெளியே போவதை ஈடுகட்டுவதை நிதானமாக விளக்கினார். முதல் ஸ்பூனைத் தானே புகட்டிவிட்டு ஸ்பூனை அந்தோணியிடமே நீட்டினார்.

"இப்ப உங்க கையாலயே குடுங்க. வாந்தி எடுத்தா கொஞ்சம் விட்டுட்டு, திரும்பக் குடுங்க."

அந்த மனிதர் அப்புறம் ஸ்பூனைக் கீழே வைக்கவே இல்லை. பொழுது சாய்வதற்குள் ஃபிலோமினா சிறுநீர் கழித்தாள். உடம்பில் தண்ணீர் தங்கிவிட்டது என்று சொல்லும் அந்தச் செய்தியைக் கேட்டு டாக்டர் வாய்விட்டுச் சிரித்தார். கப்பல் வந்தபோது அவள் உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தாள்.

பிற்பாடு எத்தனையோ இளம் டாக்டர்கள், புது வைத்தியம் நம் ஊரில் பலிக்கவில்லை என்று என்னிடம் சலித்துக்கொண்டார்கள். கட்டுரையை முழுசாகப் படித்தீர்களா என்று முதலில் கேட்பேன். படித்தேன் என்றால், மருந்து நோயாளியின் வாய்க்குள் போனதைக் கண்ணால் பார்த்தீர்களா என்பேன். அதற்கும் தலையாட்டினால், ஜன்னலை ஒருதரம் எட்டிப் பார்த்துவிட்டு வரச் சொல்வேன்.